கெட்டோ பணம்: வூச், தெரேசியன்ஸ்டாட் காசுகளும் நோட்டுகளும்

இரண்டாம் உலகப் போரின்போது நாஜி ஜெர்மனி, தான் கைப்பற்றிய நாடுகளில் யூதர்களை நகரத்தின் ஒரு பகுதியில் வேலியிட்டு அடைத்தது. இவ்வாறு அடைக்கப்பட்ட பகுதி 'கெட்டோ' எனப்பட்டது. இச்சொல் 1516-இல் வெனிஸ் நகரில் யூதர்களுக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பின் பெயரிலிருந்து வந்தது. நாஜிகள் அமைத்த கெட்டோக்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றுள் மிகச் சிலவற்றில் மட்டும், அந்த வேலிக்குள் மட்டுமே செல்லுபடியாகும் தனிப் பணம் வெளியிடப்பட்டது. போலந்தின் வூச் (லோட்ஸ் என்றும் எழுதுவர்), செக் நாட்டின் தெரேசியன்ஸ்டாட் ஆகிய இரண்டு இடங்களின் பணமே இன்று நாணய சேகரிப்பாளர்களிடமும் அருங்காட்சியகங்களிலும் அதிகம் காணப்படுவது.

காசு என்றால் அதை அடித்த அரசைப் பற்றி அது பேசும் என்றே நாணயவியல் படிப்பவர்கள் எதிர்பார்ப்பார்கள். அரசன் பெயர், ஆட்சியாண்டு, குலச்சின்னம், உலோகத்தின் தரம் என்று தேடுவார்கள். கெட்டோ பணத்துக்கு அரசு இல்லை, கருவூலம் இல்லை, வெளியே ஒரு மதிப்பும் இல்லை. அப்படியானால் அது எதற்காக அச்சிடப்பட்டது என்ற கேள்வியில்தான் இதன் வரலாறு தொடங்குகிறது.

வூச் நகரம்

போருக்கு முன் வூச், போலந்தின் பெரிய நெசவாலை நகரம். வார்சாவுக்கு அடுத்தபடியாக யூதர்கள் மிகுதியாக வாழ்ந்ததும் இங்கேதான். 1939 செப்டம்பர் 8 அன்று ஜெர்மன் படை நகருக்குள் நுழைந்தது. அதே ஆண்டு நவம்பரில் நகரம் ஜெர்மனியோடு நேரடியாக இணைக்கப்பட்டது. மறு ஆண்டு, முதல் உலகப் போரின் ஜெர்மன் தளபதி ஒருவரின் நினைவாக அதன் பெயரையும் 'லிட்ஸ்மன்ஸ்டாட்' என்று மாற்றினார்கள். காசுகளிலும் நோட்டுகளிலும் இருப்பது இந்தப் புதிய பெயர்தான். வூச் என்ற பெயரைத் தேடுகிற புதிய சேகரிப்பாளர்கள் இதனால் குழம்புவதுண்டு.

நகரின் வடக்கே பவூட்டி என்ற ஏழைக் குடியிருப்பைச் சுற்றி கெட்டோ அமைந்தது. சுமார் 4 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1,60,000-க்கும் மேற்பட்டோர். 1940 ஏப்ரல் இறுதியில் மரப்பலகை வேலியும் முள்கம்பியும் இட்டு முழுமையாக மூடப்பட்டது. வேலியை நெருங்குவோரைச் சுட காவலர்களுக்கு உத்தரவு இருந்தது.

உள்ளே நிர்வாகத்தைக் கவனிக்க, முன்பு அநாதை இல்லம் நடத்திவந்த மோர்தெகாய் ஹைம் ரும்கோவ்ஸ்கி என்பவரை ஜெர்மானியர் 'யூதர்களின் மூத்தவர்' என்ற பதவியில் அமர்த்தியிருந்தார்கள். வெளியே இருந்து கெட்டோவை நடத்திய ஜெர்மன் அலுவலகத்துக்குத் தலைவர் ஹான்ஸ் பீபோ. அவர் பிரேமன் நகரத்துக் காப்பி வணிகர். இது தற்செயல் அல்ல. கெட்டோவை ஒரு வரவு செலவுக் கணக்காகப் பார்த்து, அதிலிருந்து லாபம் எடுக்கத் தெரிந்த ஆள்தான் அந்த நாற்காலிக்குத் தேவைப்பட்டார். போருக்குப் பின், 1947-இல், பீபோ வூச் நகரிலேயே விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார்.

'ரசீது' என்ற பெயர்

1940 மே 15 என்ற தேதியிட்ட நோட்டுகள் அவ்வாண்டின் நடுப்பகுதியில் கெட்டோவுக்குள் புழக்கத்துக்கு வந்தன. 50 பெனிக், 1, 2, 5, 10, 20, 50 மார்க் என்று ஏழு மதிப்புகள். கெட்டோவாசிகள் தங்களிடம் இருந்த ஜெர்மன் மார்க், போலந்து ஸ்லோட்டி, வேறு வெளிநாட்டுப் பணம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு இந்த நோட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு உண்மையான பணத்தை வைத்திருப்பதே குற்றம். நகை, ரோமக் கோட்டு, கடிகாரம் போன்றவற்றை வாங்கிக்கொள்ள கெட்டோவுக்குள் ஒரு வங்கியும் திறக்கப்பட்டது. அங்கும் இந்த நோட்டுதான் கொடுக்கப்பட்டது. வாங்கிய பொருள்கள் பீபோவின் அலுவலகத்துக்குப் போயின.

நோட்டின் மீது 'பணம்' என்ற சொல் இல்லை. 'குவிட்டுங்' என்ற ஜெர்மன் சொல் இருக்கிறது. அதற்கு 'ரசீது' என்று பொருள். 'பத்து மார்க்குக்கான ரசீது' என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். ரசீது என்றால் நாம் ஒன்றைக் கொடுத்திருக்கிறோம், மறுபக்கத்தில் இருப்பவர் அதைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்கிறார் என்று பொருள். அந்த வகையில் இந்த நோட்டு, அதை வெளியிட்டவர்கள் நினைத்ததைவிட உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஒரு குடும்பம் ஒப்படைத்த சேமிப்புக்கு இது ரசீது. ஆனால் எந்தக் கவுண்டரிலும் இதைக் காட்டி ஒப்படைத்ததைத் திரும்பப் பெற முடியாது. கீழே இருப்பது ரும்கோவ்ஸ்கியின் கையொப்பம். கொள்ளையடித்தவர்கள் யாரும் இதில் கையெழுத்திடவில்லை.

மக்கள் இதை 'ரும்கி' என்றும் 'ஹைம்கி' என்றும் அவர் பெயராலேயே அழைத்தார்கள். அதில் கேலியும் இருந்தது, கசப்பும் இருந்தது. நோட்டின் ஒரு பக்கத்தில் ஆறுமுனைத் தாவீது நட்சத்திரம். பின்னணியில் அதே நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று கோத்து வேலிபோல் ஓடுகின்றன. மறுபக்கத்தில் யூதர்களின் ஏழு கிளை விளக்குத்தண்டு. இந்த ரசீதைப் போலியாகத் தயாரிப்பவர்களும் புழங்கவிடுபவர்களும் கடுமையாகத் தண்டிக்கப்படுவார்கள் என்று ஓர் எச்சரிக்கையும் உண்டு.

சேமிப்பைப் பறிப்பது இதன் ஒரு பயன். இன்னொன்று வேலியைப் பற்றியது. வார்சா கெட்டோவில் தனிப் பணம் கிடையாது. போலந்தின் மற்றப் பகுதியில் புழங்கிய அதே ஸ்லோட்டிதான் அங்கும் புழங்கியது. பணம் கொடுத்தால் மதிலுக்கு அப்பால் இருந்து ரொட்டியும் மாவும் கடத்திவர ஆள் கிடைத்தார்கள். வார்சா கெட்டோ உண்ட உணவில் பெரும்பகுதி இப்படிக் கள்ளத்தனமாக வந்ததே. மதிலின் இடுக்கில் நுழைந்துபோன சிறுவர்கள் பல குடும்பங்களைக் காப்பாற்றினார்கள். வூச் நகரில் அது ஏறக்குறைய முடியாமல் போனது. நகரம் ஜெர்மனியோடு இணைக்கப்பட்டதால் சுற்றிலும் ஜெர்மானியக் குடியேற்றம் நடந்தது. பவூட்டி பகுதியில் நிலத்தடிச் சாக்கடை வசதி இல்லாததால் பாதாள வழியும் இல்லை. இவற்றோடு, கையில் இருக்கும் பணம் வேலிக்கு வெளியே ஒரு செப்புக்காசுக்கும் பெறாது என்பதும் சேர்ந்துகொண்டது. எந்த விவசாயி ரும்கியை வாங்கிக்கொண்டு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு தருவான்? முள்கம்பி செய்யாமல் விட்டதை இந்தக் காகிதம் செய்து முடித்தது.

கூலியும் ரொட்டியும்

கெட்டோ ஜெர்மனிக்குப் பயன்பட்டால் அதை அழிக்கமாட்டார்கள் என்று ரும்கோவ்ஸ்கி நம்பினார். நூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளும் அலுவலகங்களும் உருவாயின. ஜெர்மன் ராணுவத்துக்குச் சீருடை, காலணி, வைக்கோல் மிதியடி, பெல்ட் எல்லாம் இங்கே தயாராகின. சிறுவர்களும் முதியவர்களும் வேலை செய்தார்கள். கூலி ரும்கியில்.

அந்தக் கூலியைக் கொண்டு ரேஷன் அட்டைக்கு உரிய பங்கை வாங்கலாம். பங்கு போதாது. ஆகவே பங்கிலேயே ஒரு பகுதியை ஒருவர் விற்க, இன்னொருவர் வாங்குவார். கெட்டோவின் உண்மையான அளவுகோல் மார்க் அல்ல, ரொட்டிதான். ரொட்டியின் விலை ஏறும்போது ரும்கியின் மதிப்பு இறங்கியது. உள்ளே உணவு லாரி வராத நாள்களில், கட்டுக்கட்டாக நோட்டு வைத்திருந்தவரும் பட்டினிதான். கெட்டோவின் ஆவணப் பிரிவில் சிலர் 1941 ஜனவரி முதல் 1944 ஜூலை வரை நாள்தோறும் குறிப்பெழுதி வைத்தார்கள். அந்த 'கெட்டோ நாளாகமத்தில்' பிறப்பு, இறப்பு, வானிலை என்பவற்றோடு உணவு வரத்தும் ரொட்டி விலையும் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன.

இன்னும் நெருக்கமாகத் தெரிந்துகொள்ள தாவித் செராகோவியாக் என்ற பையனின் நாட்குறிப்பு இருக்கிறது. 1924-இல் பிறந்தவர். படிப்பில் முதல் மாணவர். கெட்டோவுக்குள் பள்ளி இருந்தவரை படித்தார். மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சில மார்க்குகள் சம்பாதித்தார். பிறகு சேணம் தைக்கும் பட்டறையில் வேலைக்குப் போனார். இன்று எவ்வளவு வந்தது, அதில் எதை வாங்க முடிந்தது, எதை வாங்க முடியவில்லை என்பது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 1942 செப்டம்பரில் அவருடைய தாயை நோயாளிகளோடு சேர்த்துக் கொண்டுபோனார்கள். மறு ஆண்டு தந்தை இறந்தார். 1943 ஆகஸ்டில், 19 வயதில், பசியாலும் காசநோயாலும் தாவித் இறந்தார். போருக்குப் பின் அவர் வாழ்ந்த வீட்டில் அடுப்பருகே அந்த நோட்டுப்புத்தகங்கள் கிடந்தன. ஐந்துதான் மிஞ்சின. நாற்பது மாணவர்களின் விடைத்தாளை மாதந்தோறும் திருத்திய கை எனக்கு. அந்த வயதுப் பையன் ஒருவன் டியூஷன் கூலியை ரொட்டித் துண்டாக மாற்றிக் கணக்கிடுவதைப் படிக்கும்போது பக்கத்தைப் புரட்ட முடிவதில்லை.

1942 செப்டம்பரில் நடந்ததை மாணவர்கள் தனியே அறிய வேண்டும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், 65 வயதுக்கு மேற்பட்ட முதியவர்கள், நோயாளிகள் எல்லோரையும் ஒப்படைக்கும்படி ஜெர்மானியர் கட்டளையிட்டனர். செப்டம்பர் 4 அன்று ரும்கோவ்ஸ்கி கூட்டத்தில் நின்று, பெற்றோர் தங்கள் பிள்ளைகளைத் தந்துவிட வேண்டும் என்று கேட்டார். சுமார் 15,000 பேர் ஹெல்ம்னோ கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டின் முற்பகுதியிலேயே 55,000 பேர் அங்கே அனுப்பப்பட்டிருந்தனர். வேலை செய்பவர்கள் பிழைப்பார்கள் என்ற கணக்கின் மறுபக்கம் இது.

வூச் காசுகள்

நோட்டுகள் கை மாறி மாறிக் கிழிந்தன, சில்லறைக்கும் தட்டுப்பாடு. 1942-இல் 10 பெனிக் காசு ஒன்று அடிக்கப்பட்டது. ஆனால் அது ஜெர்மனியின் சொந்த 10 பெனிக் காசைப் போலவே தோற்றமளித்ததால் ஜெர்மானியர் அதை ஏற்கவில்லை. பிறகு வடிவம் மாற்றி இன்னொன்று வந்தது. தடுக்கப்பட்ட அந்த முதல் வகை இன்று மிக அரியது. 1943-இல் 5, 10, 20 மார்க் காசுகள் வந்தன. எல்லாம் கெட்டோவுக்குள்ளேயே, அங்கிருந்த உலோகப் பட்டறையில் செய்யப்பட்டவை.

உலோகம் அலுமினியம் அல்லது மக்னீசியக் கலவை. போர்க்காலத்தில் செம்பும் நிக்கலும் ஆயுதத்துக்குப் போய்விட்டதால் கிடைத்த லேசான உலோகத்தில் அடித்தார்கள். ஒரு பக்கத்தில் நட்சத்திரம், 'கெட்டோ' என்ற சொல், 1943 என்ற ஆண்டு. மறுபக்கத்தில் மறுபடியும் அதே 'ரசீது', கூடவே 'லிட்ஸ்மன்ஸ்டாட் யூதர்களின் மூத்தவர்' என்ற வாசகம். மக்னீசியம் ஈரத்தில் எளிதில் அரிக்கும். அதனால் மக்னீசியக் காசுகள் பெரும்பாலும் கறுத்தும் பொரிந்தும் காணப்படும். பளபளக்கும் மக்னீசியக் காசு ஒன்று விற்பனைக்கு வந்தால் முதலில் சந்தேகம்தான் வர வேண்டும்.

1944 ஆகஸ்டில் கெட்டோ கலைக்கப்பட்டது. எஞ்சியிருந்த சுமார் 70,000 பேரில் பெரும்பாலோர் ரயிலில் ஆஷ்விட்ஸ் கொண்டுசெல்லப்பட்டனர். மாத இறுதியில் ரும்கோவ்ஸ்கியும் தன் குடும்பத்தோடு அதே பாதையில் போனார், அங்கேயே இறந்தார். 1945 ஜனவரி 19 அன்று சோவியத் படை வந்தபோது கெட்டோவில் உயிரோடு இருந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அதன் சுவர்களுக்குள் மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோயிருந்தனர்.

ரயிலேறியவர்களின் சட்டைப்பையில் சில காசுகள் இருந்தன. இறங்கிய இடத்தில் அவை கீழே விழுந்தன. இத்தாலிய வேதியியலாளரும் எழுத்தாளருமான பிரைமோ லெவி, ஆஷ்விட்ஸிலிருந்து உயிர் மீண்டவர். வூச் கெட்டோவின் 10 மார்க் காசு ஒன்று அவர் கைக்கு வந்தது. லேசான கலவை உலோகம், கீறலும் அரிப்பும் உள்ளது. சில காலம் பர்சில் வைத்திருந்தார். பிறகு அது மேசை இழுப்பறையில் பல ஆண்டுகள் கிடந்தது. பின்னாளில் அதன் வரலாற்றைத் தேடிச் சேகரித்து, ரும்கோவ்ஸ்கியைப் பற்றி ஒரு கட்டுரைக் கதை எழுதினார். 1986-இல் வெளிவந்த தம் கடைசிக் காலக் கட்டுரை நூலிலும் அதைத் திரும்ப எடுத்தார். கொடுமைக்கு ஆளானவனே கொடுமையாளனின் கருவியாகவும் ஆகும் இடத்தை அவர் 'சாம்பல் நிறப் பகுதி' என்றார். அந்தச் சிந்தனையின் முக்கிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று இந்தக் காசில் பதவிப்பெயர் பொறிக்கப்பட்ட மனிதர்தான். ரும்கோவ்ஸ்கியைத் துரோகி என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களும் உண்டு, வேறு வழியில்லாதவர் என்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் அவசரப்படுகிறது என்பது என் எண்ணம்.

தெரேசியன்ஸ்டாட்: வங்கி என்ற நாடகம்

தெரேசியன்ஸ்டாட், செக் மொழியில் தெரெசின், 18-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் கட்டிய கோட்டை நகரம். தன் தாய் மரியா தெரேசாவின் பெயரை வைத்தார். 1941 நவம்பரில் நாஜிகள் இதைக் கெட்டோவாக்கினர். சுமார் 1,40,000 பேர் இங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 33,000 பேர் பசியாலும் நோயாலும் இங்கேயே இறந்தனர். சுமார் 88,000 பேர் கிழக்கே கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

இங்கு வெளியான நோட்டுகள் வூச் நோட்டுகளைவிட அழகானவை. 1, 2, 5, 10, 20, 50, 100 குரோனா என ஏழு மதிப்புகள். தேதி 1943 ஜனவரி 1. பத்துக் கட்டளைகள் பொறித்த பலகையை ஏந்திய மோசேயின் உருவம் ஒவ்வொன்றிலும் உண்டு. வரைந்தவர் பெட்டர் கீன் என்ற இளம் ஓவியர், கவிஞரும் கூட. கெட்டோவில் இருந்தபோது, இசையமைப்பாளர் விக்டர் உல்மனின் 'அட்லாண்டிஸ் பேரரசன்' என்ற இசை நாடகத்துக்கு உரை எழுதியவரும் இவரே. மோசேயின் மூக்கை நாஜிகளின் கேலிச்சித்திரங்களில் வருவதுபோல் வளைத்து வரையச் சொன்னார்கள் என்றும், 'கொலை செய்யாதே' என்ற கட்டளையை மோசேயின் விரல் மறைத்திருக்கிறது என்றும் சேகரிப்பாளர்கள் நடுவே கதைகள் உலவுகின்றன. கதையைக் கதையாகவே எடுத்துக்கொள்வது நல்லது. நோட்டைப் பார்க்கும் எவருக்கும் அப்படி ஒரு கதை தோன்றத்தான் செய்யும்.

கையொப்பம் யாகோப் எடல்ஸ்டைன், தெரேசியன்ஸ்டாட்டின் முதல் 'மூத்தவர்'. நோட்டு அவ்வாண்டு வசந்த காலத்தில் புழக்கத்துக்கு வந்தபோது அவர் அந்தப் பதவியிலேயே இல்லை, ஜனவரியிலேயே மாற்றப்பட்டுவிட்டார். ஆண்டு இறுதியில் ஆஷ்விட்ஸ் அனுப்பப்பட்டார். 1944 ஜூனில் அவர் கண்முன்னே மனைவியையும் மகனையும் சுட்டுவிட்டு, பிறகு அவரையும் சுட்டார்கள். அதற்கு மூன்றே நாள் கழித்து அந்தக் கோட்டை நகரில் நடந்ததைக் கேளுங்கள்.

1943 இலையுதிர்காலத்தில் டென்மார்க் யூதர்கள் நானூற்றுக்கும் மேற்பட்டோர் இங்கே கொண்டுவரப்பட்டிருந்தனர். டென்மார்க் அரசு தன் குடிமக்களின் நிலையை விடாமல் விசாரித்தது. வேறு வழியின்றி ஜெர்மானியர் ஒரு பார்வையிடலுக்கு ஒப்புக்கொண்டார்கள். அதற்காக நகரத்தை 'அழகுபடுத்தும்' பணி நடந்தது. சுவருக்கு வண்ணம், பூங்காவுக்குப் புல், தெருவுக்குப் பெயர்ப்பலகை. கூட்டம் தெரியக்கூடாது என்பதற்காக 1944 மே மாதம் மூன்று நாள்களில் 7,503 பேர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். ஜூன் 23 அன்று இரண்டு டென்மார்க் பிரதிநிதிகளும், சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் மோரிஸ் ரோசல் என்ற சுவிஸ் நாட்டவரும் வந்தார்கள். அவர்களுக்குக் காட்டப்பட்ட இடங்களில் 'யூதத் தன்னாட்சி வங்கி'யும் ஒன்று. வங்கியின் இயக்குநராக நின்றவர், முன்பு வியன்னா யூத சமூகத்தின் தலைவராக இருந்த டெசிடர் ஃப்ரீட்மன். ரோசல் எழுதிய அறிக்கை நாஜிகளுக்குச் சாதகமாகவே அமைந்தது.

அந்த வங்கியில் கணக்குப் புத்தகம் இருந்தது, எழுத்தர்கள் இருந்தார்கள். கூலியின் ஒரு பகுதி முடக்கப்பட்ட சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. எடுக்கமுடியாத சேமிப்பு அது. கையில் கிடைத்த நோட்டைக் கொண்டு கடைக்குப் போனால், அங்கு விற்பனைக்கு இருந்தவற்றில் பெரும்பாலானவை வந்து இறங்கியவர்களின் பெட்டிகளிலிருந்து பறிமுதல் செய்த துணிமணிகளும் பாத்திரங்களும். தன்னுடைய சட்டையையே ஒருவர் காசு கொடுத்து வாங்க நேரலாம். ரொட்டியோ ரேஷன் கணக்கில். அதை இந்த நோட்டு கொஞ்சமும் கூட்டித் தராது.

1944 செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் இறுதி வரை மேலும் 18,000-க்கும் அதிகமானோர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். நோட்டை வரைந்த கீனும், வங்கி இயக்குநராக நின்ற ஃப்ரீட்மனும் அந்த ரயில்களில் போனார்கள். இருவரும் திரும்பவில்லை.

தாளின் நிலை சொல்வது

இங்கே நாணய சேகரிப்பின் வழக்கமான அளவுகோல் தலைகீழாகிறது. நோட்டு சேகரிப்பவர்கள் 'புழங்காத நிலை'யைத்தான் உயர்வாகக் கருதுவார்கள். மடிப்பு ஒன்று இருந்தால் விலை குறையும். கறையும் கிழிசலும் இருந்தால் இன்னும் குறையும். தெரேசியன்ஸ்டாட் நோட்டுகள் சந்தையில் ஏராளமாக, அதுவும் அச்சகத்திலிருந்து நேற்று வந்ததுபோல் மொடமொடப்பாகக் கிடைக்கின்றன. ஏழு மதிப்பும் கொண்ட முழுத் தொகுதியைப் பெரிய செலவில்லாமல் சேர்த்துவிடலாம். காரணம் எளிது. வாங்க ஒன்றும் இல்லாத ஊரில் நோட்டு கை மாறவில்லை. போர் முடிந்தபோது கட்டுக் கட்டாக மிஞ்சியிருந்தது. அந்த மொடமொடப்பே அந்த வங்கி ஒரு காட்சிப்பொருள் என்பதற்கான சான்று.

வூச் நோட்டுகளிலோ மடிப்பு நைந்தவை, மூலை மழுங்கியவை, எண்ணெய்க் கறை படிந்தவை பல உண்டு. சேகரிப்பாளர் கண்ணுக்கு மட்டமான நிலை. ஆனால் அந்த நைந்த தாள்தான் ரொட்டி வரிசையில் நின்றது. இரண்டில் ஒன்றை மட்டும் மாணவர்களுக்குக் காட்ட முடியும் என்றால் நான் நைந்ததைத்தான் எடுப்பேன்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

போலிகள் மிகுதி. வூச் காசுகளே அதிகம் போலி செய்யப்படுகின்றன. வெள்ளி, பித்தளை போன்ற உலோகத்தில் இருப்பதாக வருபவற்றை ஒதுக்கிவிடுவது பாதுகாப்பு. வீட்டில் சிறு தராசு இருந்தாலே ஒரு சோதனை செய்யலாம்: அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மக்னீசியத்துக்கு 1.74 கிராம். ஒரே அளவுள்ள இரண்டு காசுகளில் மக்னீசியக் காசு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை குறைவாக இருக்க வேண்டும்.

'வார்சா கெட்டோ நோட்டு' என்று நட்சத்திர முத்திரை குத்திய ஸ்லோட்டி நோட்டுகள் விற்பனைக்கு வருவதுண்டு. முன்பே சொன்னதுபோல் வார்சா கெட்டோவுக்குத் தனிப் பணம் இருந்ததில்லை. அங்கே புழங்கியது கிராக்கோவில் தலைமையகம் கொண்ட வெளியீட்டு வங்கியின் நோட்டு. பழைய உண்மையான நோட்டு ஒன்றின் மேல் பிற்காலத்தில் யாரோ குத்திய முத்திரை அது. நோட்டு அசல், கதை போலி.

நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் இடைத்தங்கல் முகாமிலும் 1944 பிப்ரவரி 15 தேதியிட்ட 10, 25, 50, 100 சென்ட் சீட்டுகள் வெளியாயின. அன்னா ஃபிராங்க் அந்த ஆகஸ்டில் கொண்டுசெல்லப்பட்ட முகாம் அது. புக்கன்வால்ட் போன்ற வதைமுகாம்களில் 'ஊக்கச் சீட்டு'கள் இருந்தன. இவற்றை எல்லாம் 'முகாம் பணம்' என்ற ஒரே தலைப்பில் விற்பனைப் பட்டியல்கள் சேர்த்துவிடுகின்றன. நம் நாட்டுச் சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்த யோல், போபால் முகாம் கூப்பன்களும் அதே தலைப்பில் வரும். அவை பிரிட்டிஷ் இந்தியாவில் வைக்கப்பட்டிருந்த இத்தாலியப் போர்க்கைதிகளுக்கானவை. பிடிபட்ட வீரர்களுக்கு 1929 ஜெனீவா உடன்படிக்கையின் பாதுகாப்பு இருந்தது. கெட்டோவில் இருந்தவர்கள் எந்தப் படையிலும் சேராத குடும்பங்கள். அவர்களை எந்த உடன்படிக்கையும் காக்கவில்லை. ஆல்பத்தில் இரண்டையும் அடுத்தடுத்த பைகளில் வைப்பவர்கள் இந்த வேறுபாட்டை எழுதி வைக்காவிட்டால் பார்ப்பவருக்குத் தவறான செய்தி போகும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. யூத இன அழிப்பு நடக்கவே இல்லை என்று சாதிப்பவர்கள், முகாமில் வங்கி இருந்தது, நோட்டு இருந்தது, கடை இருந்தது என்று இதே நோட்டின் படத்தைக் காட்டுகிறார்கள். 1944 ஜூன் 23 அன்று மூன்று விருந்தினருக்குக் காட்டிய நாடகம் இன்றும் கொஞ்சம் பலிக்கிறது. போலிக் காசும் அவர்களுக்கு உதவுகிறது. ஒன்று போலி என்று தெரிந்தால் எல்லாமே போலி என்று வாதிடுவார்கள்.

இப்பொருள்களை விலைக்கு வாங்கலாமா என்பதில் ஒத்த கருத்து இல்லை. ஜெருசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவகம் இன அழிப்புக் காலப் பொருள்களை வணிகமாக்குவதை எதிர்த்து வந்திருக்கிறது. அவை பொது நிறுவனங்களுக்கு வர வேண்டும் என்பது அதன் நிலை. தனியார் சேகரிப்பாளர்கள்தான் பல பொருள்களை அழியாமல் காத்து, வகைப்படுத்தி, பிறகு அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தார்கள் என்பது மறுதரப்பு. என்னைக் கேட்டால், பெயரோ முகவரியோ எழுதப்பட்ட சேமிப்பு அட்டை, அடையாளச் சீட்டு போன்றவை விற்பனைக்கே வரக்கூடாது. அவை ஒரு குடும்பத்தின் சொத்து. பெயரில்லாத நோட்டையும் காசையும் பொறுத்தவரை, வாங்குபவர் என்ன செய்யப்போகிறார் என்பதைப் பொறுத்தது.

வைத்திருப்பவர்கள் ஆல்பத்தின் குறிப்புச் சீட்டில் மதிப்பு, ஆண்டு, உலோகம், நிலை என்று வழக்கமாக எழுதுவதோடு, யாரிடமிருந்து எப்போது வந்தது என்பதையும் எழுத வேண்டும். 'லிட்ஸ்மன்ஸ்டாட்' என்று மட்டும் விடாமல் 'வூச், போலந்து' என்று சேர்க்க வேண்டும். அரிப்புப் பிடித்த மக்னீசியக் காசைத் தேய்த்துச் சுத்தம் செய்யக் கூடாது; ஈரம் படாத உறையில் அப்படியே வைக்க வேண்டும். வெளியிட்டவர் என்ற இடத்தில் பலர் ரும்கோவ்ஸ்கி, எடல்ஸ்டைன் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த வரியில் 'ஜெர்மன் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் கட்டளைப்படி' என்ற நான்கு சொற்களுக்கும் இடம் இருக்கிறது.